ஜான் ஜே: சுற்றமும் நட்பும் முறிவும் (விவாத இழை)

ஏடகம் (இழையைத் தொடங்கியவர்)

1782 செப்டம்பரில், அமெரிக்க விடுதலைப் போரை முடிவுக்குக் கொண்டுவரும் பேச்சுவார்த்தைக்காகப் பாரிசில் இருந்த ஜான் ஜே, இங்கிலாந்தில் நாடிழந்து வாழ்ந்த தம் இளமைக்கால நண்பர் பீட்டர் வான் ஸ்காக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் நியூயார்க்கின் கிங்ஸ் கல்லூரியில் பழகியவர்கள், இருவரும் வழக்குரைஞர்கள். போர் வந்தபோது வான் ஸ்காக் புதிய அரசுக்கு உறுதிமொழி அளிக்க மறுத்தார். அதன் விளைவாக 1778இல் நாடுகடத்தப்பட்டார். நியூயார்க்கில் சதிகளைக் கண்டறிவதற்கென அமைக்கப்பட்ட குழுவில் முதன்மையான உறுப்பினர்களுள் ஒருவர் ஜே. அப்படிப்பட்டவர்தாம் இப்போது எழுதுகிறார்: எங்களோடு நில்லாத அனைவரையும், உம்மையும் சேர்த்தே, எங்களுக்கு எதிரானவர்களாகக் கருதினேன், ஆயினும் பீட்டர் வான் ஸ்காக்குக்கு நண்பனாக இருப்பதை ஜான் ஜே ஒருபோதும் நிறுத்தவில்லை.

இந்தக் கடிதத்தில் இருந்துதான் ஜேயை வாசிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் வகித்த பதவிகளின் பட்டியல் மிக நீண்டது. விடுதலைப் போர்க்கால அமெரிக்காவின் பொது அவையான கண்டப் பேரவையின் தலைவர், ஸ்பெயினுக்கான தூதர், 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர், வெளியுறவுச் செயலர், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி, நியூயார்க் மாநில ஆளுநர் எனத் தொடரும் அந்தப் பட்டியலைப் படித்து முடித்த பிறகும் மனிதர் நம் கண்முன் வருவதில்லை. அவருடைய சுற்றத்தாரையும் நண்பர்களையும், யாரோடு உறவைக் காத்தார், யாரோடு முறித்தார் என்பதையும் பார்த்தால்தான் அவர் உருவம் தெளிகிறது.

ஜே 1745 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வழியில் அவர்கள் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள், அதாவது ஹியூகனாட்டுகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் அவர்களுக்கிருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தபோது லா ரோஷெல் நகரில் வணிகம் செய்துவந்த குடும்பம் சிதறியது. பாட்டனார் அகஸ்டஸ் ஜே அமெரிக்கா வந்து, பேயார்ட் என்ற டச்சுக் குடும்பத்தில் பெண்ணெடுத்தார். தாயார் மேரி, வான் கோர்ட்லாண்ட் என்னும் செல்வாக்கு மிக்க டச்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்றோருக்குப் பிறந்த பத்துக் குழந்தைகளில் எழுவர் வளர்ந்து ஆளாகினர். அவர்களுள் பீட்டர், அன்னா என்ற இருவர் பெரியம்மையால் பார்வையை இழந்தவர்கள். அவர்கள் பொருட்டே, ஜான் கைக்குழந்தையாக இருந்தபோது, குடும்பம் நகரத்தை விட்டு ரை என்னும் ஊரின் பண்ணை வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பார்வையற்ற அண்ணனும் அக்காவும் இருந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதை, அவருடைய பொறுமையைப் பற்றிப் பேசும் எவரும் மறந்துவிடக் கூடாது.

1774 ஏப்ரலில் அவர் சேரா லிவிங்ஸ்டனை மணந்தார். மாமனார் வில்லியம் லிவிங்ஸ்டன் இரண்டே ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலத்தின் முதல் ஆளுநரானார். பின்னர் 1787ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலும் கையொப்பமிட்டார். ஜேயுடன் சேர்ந்து வழக்குரைஞர் அலுவலகம் நடத்திய உயிர்த்தோழர் ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன் அதே பெருங்குடும்பத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவர். 1777இல் நியூயார்க் மாநில அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் ஜே, ராபர்ட் லிவிங்ஸ்டன், கூவர்னர் மாரிஸ் என்னும் மூன்று இளைஞர்களே. ஒரு திருமணத்தால் இத்தனை கதவுகள் திறந்தன என்று சொல்வது மிகையாகாது. இந்தக் கதவுகள் பலவும் பிற்காலத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன என்பதும் உண்மை.

இரண்டு முறிவுகளை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். முதலாவது, உடன்பிறந்த அண்ணன் சர் ஜேம்ஸ் ஜே. இவர் மருத்துவர், கிங்ஸ் கல்லூரிக்காக இங்கிலாந்தில் நிதி திரட்டி, அங்கேயே மன்னரிடம் சர் பட்டமும் பெற்றவர். கண்ணுக்குத் தெரியாத மை ஒன்றை உருவாக்கி, அது வாஷிங்டனின் ஒற்றர்களுக்குப் பயன்படும்படி செய்தவரும் இவரே. இவ்வளவு செய்த மனிதர் 1782இல் பிரிட்டிஷார் பக்கம் போய்ச் சேர்ந்தார் என்ற செய்தி பாரிசுக்கு எட்டியது. அது உண்மையாக இருக்குமானால், என் தந்தைக்கு அப்படி ஒரு மகன் உண்டு என்பதையே மறக்க முயல்வேன் என்று ஜே எழுதினார். அதை அவர் வேறு எவருக்கும் எழுதவில்லை. மன்னர் பக்கம் சாய்ந்ததற்காக நாடுகடத்தப்பட்ட அதே வான் ஸ்காக்குக்குத்தான் எழுதினார்.

இரண்டாவது, சைலஸ் டீன். பிரான்சுக்கு முதலில் அனுப்பப்பட்ட அமெரிக்க முகவர். கணக்கு வழக்குகளில் முறைகேடு செய்தார் என்று பேரவையில் குற்றம் சாட்டப்பட்டபோது ஜே அவருக்காகப் பரிந்து நின்றார். ஆனால் துரோகி பெனடிக்ட் ஆர்னால்டு டீனின் லண்டன் இல்லத்துக்கு வந்துபோனார் என்று கேள்விப்பட்டவுடன், அந்த ஆர்னால்டுக்குக் கை கொடுக்கும் அமெரிக்கன் எவனும் தன் கையைக் கறைப்படுத்திக்கொள்கிறான் என்று 1784இல் எழுதி, டீனோடு இருந்த உறவை முடித்துக்கொண்டார்.

நாடிழந்த எதிர்தரப்பு நண்பரை மன்னித்தவர், சொந்த அண்ணனையும் தம்மால் காக்கப்பட்ட நண்பரையும் மன்னிக்கவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வான் ஸ்காக் தம் மனச்சான்று சொன்னபடி வெளிப்படையாக நின்று, அதற்கான விலையையும் கொடுத்தார். மற்ற இருவரும், ஜேயின் பார்வையில், ஏற்றுக்கொண்ட பொறுப்பைக் கைவிட்டவர்கள். கருத்து மாறுபாடு வேறு, நம்பிக்கை மோசடி வேறு என்ற இந்தக் கோட்டை அவர் வாழ்நாள் முழுவதும் அழிக்கவே இல்லை. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கல்லணை

ஏடகம் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் வகுத்த கோடு அழகாக இருக்கிறது. ஆனால் ஜேயின் மிகப் பெரிய அரசியல் முடிவை அது விளக்கவில்லை. 1782இல் பாரிசில் அவர் செய்தது என்ன? பிரான்சின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்று கண்டப் பேரவை 1781இல் தெளிவான கட்டளை அனுப்பியிருந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜெனின் செயலாளரான ரேனெவால் இரகசியமாக இங்கிலாந்துக்குச் சென்றதை அறிந்ததும், ஜே அந்தக் கட்டளையை ஒதுக்கி வைத்தார். பேச்சுவார்த்தையில் உடனிருந்த அமெரிக்கத் தூதர் பிராங்க்ளினிடம் சொல்லாமலே பெஞ்சமின் வாகன் என்பவரைப் பிரிட்டிஷ் பிரதமர் ஷெல்பர்னிடம் அனுப்பினார். பிரிட்டிஷ் பிரதிநிதி ரிச்சர்ட் ஆஸ்வால்டின் அதிகாரப் பத்திரத்தில் குடியேற்றங்கள் என்று இருந்ததை மாற்றி அமெரிக்க ஐக்கிய நாடுகள் என்று எழுதினால்தான் பேசுவேன் என்று பிடிவாதமாக நின்று, அதில் வெற்றியும் பெற்றார். 1782 நவம்பர் 30 அன்று முதற்கட்ட உடன்படிக்கை பிரான்சுக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே கையொப்பமானது.

பொறுப்பைக் கைவிடுவதை மன்னிக்காத மனிதர், தமக்கு அளிக்கப்பட்ட கட்டளையையே மீறினார். இதற்கு விளக்கம் அவருடைய இரத்தத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிரெஞ்சு மன்னரால் வேரோடு பிடுங்கப்பட்ட குடும்பத்தின் பேரன், அதே மன்னர் மரபின் அமைச்சரை எப்படி நம்புவார்? தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட ஹாமில்டன், மேடிசன் ஆகியோருடன் சேர்ந்து ஜே எழுதிய கட்டுரைகள் ஐந்து. உடல்நலக் குறைவால் அதற்கு மேல் எழுத இயலவில்லை. அவற்றுள் முதலாவதில், அமெரிக்கர்கள் ஒரே முன்னோரின் வழிவந்தவர்கள், ஒரே மொழி பேசுபவர்கள் என்று எழுதுகிறார். தந்தை வழியில் பிரெஞ்சுக்காரராகவும் தாய் வழியில் டச்சுக்காரராகவும் இருந்த ஒருவர் இதை எழுதும்போது என்ன நினைத்திருப்பார்?

நெய்தல்

இரண்டு பதிவுகளையும் படித்தேன். சுற்றத்தாரின் வழியாக ஜேயைப் பார்ப்போம் என்று தொடங்கிய இழையில், அவருடைய மனைவி திருமணம் என்ற ஒரே சொல்லோடு மறைந்துவிட்டார் என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

சேராவுக்குத் திருமணத்தின்போது வயது 17. 1779 அக்டோபரில், மூன்று வயது மகன் பீட்டர் அகஸ்டஸைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, கணவருடன் ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். அவர்கள் சென்ற கப்பல் நடுக்கடலில் பாய்மரங்களை இழந்து, தட்டுத்தடுமாறி மார்ட்டினிக் தீவை அடைந்தது. 1780 சனவரியில்தான் காடிஸ் துறைமுகத்தில் கால் வைத்தனர். ஸ்பெயின் அரசவை ஜேயைத் தூதராக முறைப்படி ஏற்கவே இல்லை. அமைச்சர் புளோரிடாபிளாங்கா பேசினார், காத்திருக்கச் சொன்னார், மீண்டும் காத்திருக்கச் சொன்னார். அந்த ஆண்டு மத்ரீதில் பிறந்த பெண்குழந்தை சில வாரங்களிலேயே இறந்தது. அதே வீட்டில் சேராவின் சொந்தத் தம்பி பிராக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் ஜேயின் செயலாளராக இருந்துகொண்டு, அத்தானை மதிக்காமல் நாள்தோறும் சண்டை வளர்த்தார். கணவருக்கும் தம்பிக்கும் நடுவில் அந்த இளம்பெண் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைத்துப் பாருங்கள். நியூயார்க் திரும்பிய பிறகு, 1787-88 காலத்தில் அவர் அளித்த விருந்துகளுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. அன்றைய தேசிய அரசியல் முழுவதும் அந்த மேசையில் அமர்ந்திருந்தது. கணவரின் தொடர்புகள் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதில் பெரும்பகுதியைக் கட்டிக் காத்தவர் சேரா.

இனி, ஏடகம் ஐயா, உங்கள் கோட்டுக்கு வருகிறேன். அந்தப் பயணத்தில் அவர்களோடு அபிகேல் என்ற அடிமைப் பெண்ணும் அழைத்துச் செல்லப்பட்டார். வீட்டில் அவரை அபி என்றுதான் கூப்பிட்டார்கள். 1783 இலையுதிர்காலத்தில், ஜே இங்கிலாந்து சென்றிருந்த வேளையில், அபி பாரிசில் அந்த வீட்டை விட்டு வெளியேறினார். பிராங்க்ளினின் பேரன் காவல்துறை மூலம் அவரைப் பிடித்துச் சிறையில் அடைக்க ஏற்பாடு செய்தார். சிறிது நாள் சிறையில் இருந்தால் மனம் மாறும் என்பது பிராங்க்ளின் தந்த அறிவுரை. கடிதம் மூலம் செய்தி அறிந்த ஜே அதைத் தடுக்கவில்லை. வீடு திரும்ப மறுத்த அபி சிறையிலேயே நோயுற்றார். பிறகு திரும்ப அழைத்துவரப்பட்டுச் சில நாள்களில் இறந்துபோனார்.

மனச்சான்றுப்படி நின்று விலை கொடுத்தவரை ஜே மன்னித்தார் என்றீர்கள். அபி செய்ததும் அதுதானே? வான் ஸ்காக்குக்கு அன்பான கடிதம் எழுதப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. நட்பின் இலக்கணம் ஒன்று இருந்தது என்றால், அதற்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதையும் சேர்த்தே அதை எழுத வேண்டும்.

பொருநை

இழையை ஆர்வத்தோடு தொடர்ந்து வருகிறேன். ஒரு சிறு ஐயம் மட்டும். 1794இல் பிரிட்டனுடன் செய்யப்பட்ட ஜே உடன்படிக்கைக்கும் நம் மதராசுத் துறைமுகத்துக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ படித்த நினைவு. அது உண்மைதானா? அந்த உடன்படிக்கைக்காக ஜேயின் கொடும்பாவியை ஊர் ஊராக எரித்தார்கள் என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

ஏடகம்

நெய்தல் அம்மையாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அபியைப் பற்றி நான் அறிந்திருந்தும் எழுதாமல் விட்டது என் வாதத்தை எளிதாக்கிக்கொள்வதற்காகவே என்பதை இப்போது உணர்கிறேன். அதற்காக வருந்துகிறேன். மார்ட்டினிக்கில் விலைக்கு வாங்கப்பட்ட பெனுவா என்ற சிறுவனுக்கு 1784இல் ஜே விடுதலைப் பத்திரம் எழுதினார். அதிலும் இன்னும் மூன்றாண்டு உழைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே நியூயார்க்கில் அடிமை விடுதலைச் சங்கம் தொடங்கப்பட்டு, ஜே அதன் தலைவரானார். பிற்காலத்தில் தம் நடைமுறையை அவரே விளக்கியிருக்கிறார்: அடிமைகளை வாங்குகிறேன், வாங்கிய விலைக்கு ஈடான உழைப்பைத் தந்தபின் விடுவிக்கிறேன். ஒரு மனிதரின் விடுதலையைக் கடன் கணக்குப் போல எழுதிய இந்தச் சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. 1800ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள்.

கல்லணை ஐயாவின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஹியூகனாட்டு நினைவு அந்தக் குடும்பத்தில் ஆழமாக இருந்தது உண்மை. ஆனால் பிரான்சை நம்பக் கூடாது என்ற முடிவோடு ஜே ஐரோப்பா போகவில்லை. அவரைப் பேரவைத் தலைவர் பதவிக்கும் பிறகு ஸ்பெயினுக்கும் அனுப்பியதில் பிரெஞ்சுத் தூதருக்கும் மகிழ்ச்சியே இருந்தது. அவரை மாற்றியது மத்ரீது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, பணமில்லாமல், பேரவை தம் பெயரில் எழுதிய உண்டியல்களுக்கு, அதாவது பணம் தரச் சொல்லும் சீட்டுகளுக்கு, பணம் தேடி அலைந்துகொண்டு, ஏற்கவும் மறுக்கவும் செய்யாத ஓர் அரசவையின் வாசலில் நின்ற அனுபவம் அது. ஸ்பெயினின் நட்பு நாடு பிரான்ஸ். மிசிசிப்பி ஆற்றின் மீது அமெரிக்காவுக்குள்ள உரிமையைக் குறைக்க ஸ்பெயின் முயன்றபோது பிரான்ஸ் யார் பக்கம் நிற்கும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டுவிட்டிருந்தார். பாட்டனாரின் கதையைவிட இதுவே வலுவான காரணம். கட்டளையை மீறியது பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அவர் அதை மறைக்கவில்லை, பேரவைக்கு எழுதித் தம் செயலுக்குப் பொறுப்பேற்றார். பிராங்க்ளினும் ஆடம்ஸும் கூடவே கையொப்பமிட்டனர். தமக்குத் தெரியாமல் ஆள் அனுப்பியதை வைத்துப் பிராங்க்ளின் பகை பாராட்டவும் இல்லை. 1788இல் அவர் எழுதிய உயிலில் நிறைவேற்றுநர்களுள் ஒருவராக ஜேயின் பெயரையும் குறித்திருக்கிறார்.

பொருநை தம்பி, நீங்கள் படித்தது உண்மைதான். உடன்படிக்கையின் 13ஆவது பிரிவு, இந்தியாவில் பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்த துறைமுகங்கள் அனைத்திலும் அமெரிக்கக் கப்பல்கள் வந்து வணிகம் செய்யலாம் என்று அனுமதித்தது. மதராசும் கல்கத்தாவும் பம்பாயும் அதில் அடங்கும். ஆனால் இங்கு ஏற்றும் சரக்கை நேராக அமெரிக்காவுக்கே கொண்டுபோக வேண்டும்; ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கரையோர வணிகம் செய்யக் கூடாது. அமெரிக்கக் கப்பல்கள் அதற்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன. 1792இலேயே வாஷிங்டன் கல்கத்தாவுக்கு ஒரு கான்சலை நியமித்திருந்தார். அதுவரை சலுகையாக இருந்தது இப்பிரிவால் உடன்படிக்கை தந்த உரிமையாயிற்று. தம் நாட்டில் அத்தனை வசவு வாங்கிய உடன்படிக்கையில், சேலம், பாஸ்டன் நகர வணிகர்கள் மனமார வரவேற்ற பகுதி இது. இங்கே சேலம் என்றது மாசசூசெட்ஸில் உள்ள துறைமுகத்தை. நம் மாங்கனி நகரை அன்று.

வசவுக்கு வருவோம். 1794இல் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே லண்டன் சென்ற ஜே, நவம்பர் 19 அன்று வெளியுறவு அமைச்சர் கிரென்வில்லுடன் கையொப்பமிட்டார். மேற்கு எல்லைக் கோட்டைகளைப் பிரிட்டிஷார் காலி செய்ய ஒப்புக்கொண்டனர். 1796இல் காலியும் செய்தனர். ஆனால் அமெரிக்க மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்துப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செனட் 1795 சூன் 24 அன்று 20க்கு 10 என்ற கணக்கில், தேவையான மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் எட்டி, ஒப்புதல் அளித்தது. இதை எதிர்த்து எழுதியவர்களும் பேசியவர்களும் யார் என்று பாருங்கள். உயிர்த்தோழர் ராபர்ட் லிவிங்ஸ்டன். அவருடைய தம்பி எட்வர்ட் லிவிங்ஸ்டன். உடன்படிக்கை ஆவணங்களை அவையின் முன் வைக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் அவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் அவரே. மத்ரீதில் சண்டை வளர்த்த அதே மைத்துனர் பிராக்ஹோல்ஸ்ட். 1774இல் எந்தக் குடும்பம் அவரை மாப்பிள்ளையாக ஏற்றதோ, அந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி இருபதாண்டு கழித்து அவருக்கு எதிர்வரிசையில் நின்றது. 1798இல் ஆளுநர் பதவிக்கு ராபர்ட் லிவிங்ஸ்டன் ஜேயை எதிர்த்தே போட்டியிட்டுத் தோற்றார்.

அந்தத் தோழமை முறிந்ததுதான் ஜேயின் வாழ்வில் என்னை மிகவும் வருத்தும் நிகழ்ச்சி. 1789இல் வாஷிங்டனுக்குப் பதவி உறுதிமொழி செய்துவைத்தவர் ராபர்ட் லிவிங்ஸ்டன். புதிய அரசில் தமக்கு உயர்ந்த பதவி ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். தலைமை நீதிபதி பதவி நண்பருக்குப் போயிற்று; அவருக்கு எதுவும் வரவில்லை. இதில் துரோகம் எங்கும் இல்லை. என் கோட்டின்படி இது முறிந்திருக்கவே கூடாத நட்பு. ஆனால் முறிந்தது. நெய்தல் அம்மையார் ஒரு பக்கம் என் கோட்டை உடைத்தார் என்றால், இது இன்னொரு பக்கம் உடைக்கிறது.

கல்லணை

ஐயா, மத்ரீது பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். இரத்தம் என்று நான் எழுதியது அவசரம். ஒரே முன்னோர் என்று எழுதிய அந்தக் கட்டுரையைப் பற்றிய என் கேள்விக்கு விடை வரவில்லை என்றாலும், அதை நானே யோசித்துப் பார்த்தேன். மதத்துக்காக விரட்டப்பட்டவர்களின் பேரன், தாம் வந்துசேர்ந்த நாட்டில் தம்மை அந்நியராக எண்ணவே இல்லை. எண்ணக் கூடாது என்று உறுதியாக இருந்தார். பிரெஞ்சும் டச்சும் பேசிய குடும்பங்கள் ஒரு தலைமுறைக்குள் ஒன்றாகக் கலந்ததை வீட்டிலேயே பார்த்தவருக்கு, நாடு முழுவதும் அப்படித்தான் என்று தோன்றியிருக்கலாம். அந்த ஒன்றுக்குள் அபியும் பெனுவாவும் இல்லை என்பதை நெய்தல் அவர்கள் சுட்டிவிட்டார்கள்.

உங்கள் கோட்டுக்கு வலுச்சேர்க்கும் இரண்டு நிகழ்ச்சிகளை நானே தருகிறேன். 1792இல் ஜே முதன்முறையாக ஆளுநர் தேர்தலில் ஜார்ஜ் கிளிண்டனை எதிர்த்து நின்றார். ஒட்செகோ, டியோகா, கிளிண்டன் என்னும் மூன்று மாவட்டங்களின் வாக்குகளை, அனுப்பிய முறையில் குறை இருக்கிறது என்று சொல்லி, எண்ணாமலே தள்ளிவிட்டார்கள். கிளிண்டன் 108 வாக்குகளில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஒட்செகோவின் வாக்குகளை எண்ணியிருந்தாலே ஜே வென்றிருப்பார். ஆதரவாளர்கள் கொதித்து எழுந்தபோது, நிதானம் இழக்க வேண்டாம் என்று அவர்களை அமைதிப்படுத்தியவர் ஜே.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1800 மே மாதத்தில், அதே ஆயுதம் அவர் கைக்கு வந்தது. நியூயார்க் சட்டமன்றத் தேர்தலில் ஜெபர்சனின் கட்சி வென்றுவிட்டது. புதிய சட்டமன்றம் கூடினால் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தின் சார்பில் அது நியமிக்கும் வாக்காளர்கள் அனைவரும் அக்கட்சியினராகவே இருப்பார்கள். எனவே பழைய சட்டமன்றத்தை உடனே கூட்டி விதியை மாற்றிவிடுங்கள் என்று ஆளுநர் ஜேக்கு ஹாமில்டன் கடிதம் எழுதினார். ஹாமில்டன் அவருக்கு அயலார் அல்லர். அரசியல் சட்டத்துக்காக ஒன்றாக எழுதியவர். அடிமை விடுதலைச் சங்கத்தில் உடனிருந்தவர். லண்டன் பயணத்துக்கான அறிவுறுத்தல்களை வகுத்ததில் பெரும்பங்கு வகித்தவர். அந்தக் கடிதத்துக்கு ஜே மறுமொழி அனுப்பவில்லை. கடிதத்தின் மீது ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தார்: கட்சி நோக்கங்களுக்காக முன்வைக்கப்பட்ட ஒரு நடவடிக்கை, அதை மேற்கொள்வது எனக்குத் தகாது என்று எண்ணுகிறேன். ஆயினும் ஹாமில்டனோடு உறவை முறிக்கவில்லை. ஜெபர்சன் குடியரசுத் தலைவரானார்.

நெய்தல்

ஏடகம் ஐயா வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதற்கு என் நன்றி. நானும் நியாயம் தவறக் கூடாது என்பதால், மறுபக்கத்தை எழுதுகிறேன்.

1777இல் நியூயார்க் அரசியல் சட்டம் இறுதி செய்யப்பட்ட நாள்களில் ஜேயின் தாயார் இறந்துவிட்டதால் அவர் அவையில் இல்லை. திரும்பி வந்ததும், அடிமைமுறை தொடரக் கூடாது என்ற விதி ஒன்றைச் சேர்த்திருக்க வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதினார். அந்த எண்ணம் சட்டமாக 22 ஆண்டுகள் பிடித்தன. ஆளுநராக அவர் கையொப்பமிட்ட 1799ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவ்வாண்டு சூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை பிறப்பால் சுதந்திரம் பெற்றது. ஆனால் ஆணாக இருந்தால் 28 வயது வரையும் பெண்ணாக இருந்தால் 25 வயது வரையும் தாயின் எசமானருக்கு உழைக்க வேண்டும். ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்களுக்கு அச்சட்டத்தில் விடுதலை இல்லை. அவர்கள் 1827 வரை காத்திருந்தார்கள். ஜே வீட்டில் கடைப்பிடித்த கணக்கே இங்கே மாநிலத்தின் சட்டமாகியிருக்கிறது: முதலில் உழைப்பு, பிறகு விடுதலை.

அவருடைய பிள்ளைகள் அந்தக் கணக்கைத் தாண்டிப் போனார்கள். பாட்டி வீட்டில் விடப்பட்ட பீட்டர் அகஸ்டஸ், 1821ஆம் ஆண்டின் நியூயார்க் அரசியல் சட்ட மாநாட்டில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்று வாதாடினார். இளையவர் வில்லியம், உடனடியாக அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்று எழுதியவர்களுள் முன்வரிசையில் இருந்தார். பாட்டனாரின் பெயரையே தாங்கிய பேரன், தப்பி வந்த அடிமைகளுக்காக நியூயார்க் நீதிமன்றங்களில் வழக்காடினார். இதற்கான வித்து ஜேயிடம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அபிக்கு அது பயன்படவில்லை என்பதையும் மறக்க மாட்டேன்.

பொருநை

மதராசு பற்றிய விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. இறுதிக் காலத்தில் அவர் எப்படி வாழ்ந்தார், வான் ஸ்காக் நாடு திரும்பினாரா என்பதையும் எழுதினால் மகிழ்வேன்.

ஏடகம்

திரும்பினார், தம்பி. 1785இல் வான் ஸ்காக் வந்த கப்பல் நியூயார்க்கை அடைந்தபோது, வெளியுறவுச் செயலராக இருந்த ஜே கப்பலுக்கே சென்று அவரை வரவேற்றார். வான் ஸ்காக் தம் ஊரான கிண்டர்ஹுக்குக்குத் திரும்பி, கண்பார்வை மங்கிய நிலையிலும் இளைஞர்களுக்குச் சட்டம் கற்பித்துக் காலம் கழித்தார்.

ஜேயின் இறுதிக் காலம் நீண்டது. 1800 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஆடம்ஸ் அவரை இரண்டாம் முறையாகத் தலைமை நீதிபதியாக நியமித்தார். செனட்டும் ஒப்புதல் அளித்தது. உடல்நலத்தையும், அந்த நீதிமன்றத்துக்கு உரிய வலிமையும் மதிப்பும் இல்லாததையும் காட்டி ஜே மறுத்துவிட்டார். அவர் மறுத்த இடத்துக்கு வந்தவர்தாம் ஜான் மார்ஷல். 1801இல் ஆளுநர் பதவி முடிந்ததும், தாய்வழியில் வந்த பெட்ஃபோர்டு நிலத்தில் கட்டிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். சேராவோடு அமைதியாக வாழ்வதற்காகக் கட்டிய வீடு அது. அடுத்த ஆண்டு, 1802 மே மாதத்தில், சேரா 45 வயதில் காலமானார். அதன் பிறகு 27 ஆண்டுகள், எந்தப் பதவியையும் நாடாமல், ஜே அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1829 மே 17 அன்று, 83 வயதில் இறந்தார். தம் இறுதிச் சடங்கு எளிமையாக இருக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அக்காலத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் துண்டும் மோதிரமும் வழங்கும் வழக்கம் இருந்தது. அவை வேண்டாம், அதற்குப் பதிலாக இவ்வூரில் தகுதியுள்ள ஓர் ஏழைக் கைம்பெண்ணுக்கோ ஆதரவற்ற குழந்தைக்கோ 200 டாலர் கொடுங்கள், யாருக்கு என்பதை என் பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்பது அவர் எழுதிய வரி. ரை ஊரில், பார்வையற்ற அண்ணன் பீட்டர் வாழ்ந்த பழைய பண்ணைக்கு அருகில், குடும்ப இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர்.